பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

சில வாரங்களாக வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றியவையாகவே இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 43. அன்றாடம் வேலைக்குச் சென்றுவரப் புதிய வண்டி ஒன்று இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் வந்த 650 சிசி டிரையம்ப் என்ற பிரிட்டிஷ் வண்டி ஒன்று, ஓடும் நிலையில், விற்பனைக்கு வந்திருக்கிறது. பள்ளிப் பருவத்திலிருந்தே அந்த வண்டியின் மேல் ஆசை. "பழைய இரும்பில் காசைக் கொட்டுகிறீர்கள்" என்கிறார் மனைவி. எனக்கு எஞ்சின் வேலை அதிகம் தெரியாது. வாங்கலாமா?

பதில்: உங்கள் மனைவி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, வண்டி வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் ஓய்வு நாட்கள் எப்படிக் கழியப்போகின்றன என்பதைப் பொறுத்தது. பழைய வண்டிக்குக் கொடுக்கும் விலை ஒருமுறைதான் கையைவிட்டுப் போகும். நேரமோ வாரந்தோறும் போகும். ஆகவே, எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் உங்களுக்கு நீங்களே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கா, கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்வதற்கா, நிறுத்திவைத்துப் பார்த்து மகிழ்வதற்கா? மூன்றுக்கும் ஒரே வண்டி பொருந்துவது அரிது. ஏமாற்றமடைந்து விற்கிறவர்களில் பெரும்பாலோர், பார்த்து மகிழ்வதற்கான வண்டியை வாங்கிவிட்டு அதை அன்றாடம் ஓட்ட முயன்றவர்களே.

நீங்கள் குறிப்பிடும் வண்டியின் வேர் அதன் வயதைவிடப் பழையது. எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937-இல் வெளிவந்த 500 சிசி 'ஸ்பீடு ட்வின்' எஞ்சினிலிருந்து படிப்படியாக வளர்ந்ததுதான் 650; அதில் பெரும்புகழ் பெற்ற 'பானவில்' 1959-இல் வந்தது. ஆகவே 1970களில் தயாரான வண்டியானாலும் அதன் அடிப்படைச் சிந்தனை 1930களுக்கு உரியது. அதன் நன்மைகளும் தொல்லைகளும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

நன்மை என்னவென்றால், அந்த எஞ்சினில் மறைபொருள் எதுவும் இல்லை. பாயிண்ட் (பிளக்கில் பொறியை வரவழைக்கும் சுவிட்ச்) இடைவெளி, வால்வு இடைவெளி, கார்புரேட்டர், செயின் இழுவை ஆகிய நான்கையும் சரியாக வைக்கக் கற்றுக்கொண்டவர் நடுவழியில் நின்றுபோகும் சந்தர்ப்பங்களில் பெரும்பகுதியைத் தாமே சமாளித்துவிடலாம். கணினியும் சென்சாரும் இல்லாததால், கோளாறு ஒன்று வந்தால் அது கண்ணுக்கோ காதுக்கோ மூக்குக்கோ ஏதோ ஒரு வகையில் தெரிந்துவிடும். எடையும் 180 கிலோவுக்குள்தான் இருக்கும். அதே பெயரில் இன்று வரும் 1,200 சிசி வண்டி 220 கிலோவைத் தாண்டுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் அது தரும் நிறைவைப் புதிய வண்டி அதைப்போல் இருமடங்கு வேகத்திலும் தராது என்பது என் சொந்த அனுபவம், மறுப்பவர்கள் மறுக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. அந்த எஞ்சின் பெரும் எண்ணிக்கையில் தயாராகி உலகமெங்கும் போனதால், அதன் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பாக எண்களோடு கூடிய பட்டியல் நூல்களும் பழுதுபார்க்கும் கையேடுகளும் எளிதில் கிடைக்கின்றன. புதிதாகச் செய்யப்படும் பாகங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி மறுபக்கம். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் அமைப்பு என்பதால், வேகம் கூடக்கூட எஞ்சினின் அதிர்வும் கூடும். போல்ட்டுகள் தளரும், பல்பின் இழை அறுந்துபோகும், தகட்டில் கீறல் விழும். இந்த அதிர்வு எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு ஒரு சான்று: நார்ட்டன் நிறுவனம் 1967-இல் அறிமுகப்படுத்திய 'கமாண்டோ' வண்டியில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் பின்சக்கரத்தையும் ஒருசேர ரப்பர் தாங்கிகளில் மாட்டி, ஓட்டுபவரை அதிர்விலிருந்து பிரித்துவைத்தது. அதிர்வைப் போக்க முடியாதபோது ஆளை அதனிடமிருந்து விலக்கிவைத்தார்கள்! டிரையம்ப் 650-இல் அந்த வசதி இல்லை. எஞ்சினின் அடிப்பெட்டி செங்குத்தாக இரண்டாகப் பிளக்கும்படி அமைந்திருப்பதால், ஆயில் தேங்கும் அடிப்பகுதி வழியாகவே இணைப்பு ஓடுகிறது. அங்கே கசிவைத் தடுப்பதற்குப் பொறுமையும் சுத்தமான வேலையும் வேண்டும். ஆயிலைச் சுமார் 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்குக்கு உள்ளே கசடு சேரும் குழாய் ஒன்று இருக்கிறது. எஞ்சினை முழுவதுமாகப் பிரித்தால்தான் அதைத் துப்புரவு செய்ய முடியும். அது நிரம்பி அடைத்துக்கொண்டால் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு ஆயில் போகாது. கடைசியாக எப்போது அது துப்புரவு செய்யப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். கேள்வியே புரியாமல் அவர் விழித்தால், செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வண்டியின் ஆண்டைத் துல்லியமாகக் கேட்டறிவதும் அவசியம். 1971-இல் சேசிஸ் முற்றிலும் மாறி, தனி ஆயில் டேங்க் போய், ஆயிலைச் சேசிஸின் முதுகுக் குழாயே சுமக்கும்படி ஆயிற்று. அந்த முதல் ஆண்டு வண்டிகளின் இருக்கை உயரமாக இருந்தது பலரையும் சலிப்படையச் செய்தது. 1971, 1972 ஆண்டுகளில் வந்த கூம்பு வடிவ முன் டிரம் பிரேக் அந்தக் காலத்திலேயே குறைசொல்லப்பட்டது. 1973-இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது. அது போலவே, 1970களின் நடுப்பகுதி வரை இந்த வண்டிகளில் கியர் மிதி வலக்காலிலும் பிரேக் மிதி இடக்காலிலும் இருந்தன. 1974 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா இடக்கால் கியரைச் சட்டமாக்கிய பிறகுதான் ஏற்றுமதியை நம்பியிருந்த பிரிட்டிஷ் நிறுவனங்கள் மாறின. நீங்கள் வாரத்தில் ஐந்து நாள் புதிய வண்டியையும் ஒரு நாள் இதையும் ஓட்டப்போகிறீர்கள். குறுக்கே நாய் ஓடும் அந்த நொடியில் உங்கள் வலக்கால் பிரேக் என்று நினைத்துக் கியரைத்தான் மிதிக்கும். பழகிவிடலாம், ஆனால் அதற்கு ஆளில்லாத சாலையில் சில நாட்களை ஒதுக்க வேண்டும். மின்சாரத்திலும் ஒரு பொறி உண்டு: பேட்டரியின் கூட்டல் முனை சேசிஸோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி கழித்தல் முனையைச் சேசிஸில் மாட்டினால், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் அன்றே போய்விடும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார். அடுத்தது எண்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது டிரையம்பின் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அவை பொருந்தாவிட்டால் வண்டி இரண்டு வண்டிகளிலிருந்து உருவானது என்று பொருள். ஓட்டுவதற்கு அது குற்றமில்லை, ஆனால் விலை குறைய வேண்டும். எண்கள் பதிவு ஆவணத்தோடு பொருந்தாவிட்டால் மட்டும் வேறு பேச்சுக்கே இடமில்லை, திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் சில கிக்கில் பிடித்துக்கொண்டால், ஆயில் நிரப்பும் மூடியைத் திறந்து, திரும்பிவரும் ஆயில் துடித்துத் துடித்து விழுகிறதா என்று பாருங்கள். சைலன்சரில் நீலப் புகை நின்றுகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. கரும்புகை கார்புரேட்டர் சங்கதி, அச்சமில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷின் தேய்மானமும், ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினால் அது சுழலும் பேரிங்கான கோன் செட்டின் நிலையும் தெரியும்.

வேலைக்குச் செல்ல இன்னொரு வண்டி உங்களிடம் இருப்பதாலும், வாங்கப்போவது ஓடும் வண்டி என்பதாலும், என் தீர்ப்பு வாங்கலாம் என்பதுதான். ஆனால் மழை படாத இடம் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். இந்த எஞ்சினை ஏற்கெனவே பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒருவரை விலை பேசுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும். விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கென்று தொடாமல் வைத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும், அந்த உருவமும் ஒலியும் போதும் என்றால், 2001-இல் மறுபிறவி எடுத்த புதிய பானவில்லையோ 1999-இல் வந்த கவாசாகி டபிள்யூ650-ஐயோ தேடுங்கள். அவற்றைப் பழைய வண்டி என்று சொல்லிக்கொள்ள முடியாதுதான். ஆனால் ஆயில் தரையில் சொட்டாது, மனைவியும் பின்னால் அமர்ந்து வருவார்.

கேள்வி: ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் கிடைக்கின்றன. ஒன்று முழுவதும் புதுப்பிக்கப்பட்டுக் கண்ணாடிபோல் பளபளக்கிறது. மற்றொன்று பெயின்ட் மங்கி, அங்கங்கே துருப்பிடித்து, ஆனால் உரிமையாளர் வாரந்தோறும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். விலை வித்தியாசம் அதிகமில்லை. எதை எடுப்பது?

பதில்: மங்கியதை எடுங்கள். இந்தப் பதிலை நான் என் காசில் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் 350 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஒன்றை அதன் பெயின்டையும் குரோம் பூச்சையும் பார்த்தே வாங்கினேன். நான்காவது மாதத்தில் டேங்கின் அடியில் பெயின்ட் கொப்புளமாக எழுந்தது. குத்திப் பார்த்தால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான் இருந்தது. எஞ்சினை இறக்கியபோது, வெளியே மெருகேறியிருந்த சிலிண்டருக்குள் பழைய ரிங்குகள் பிஸ்டனோடு ஒட்டிக் கிடந்தன. புதுப்பித்தவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

புதுப்பித்த வண்டி எல்லாமே மோசம் என்பதல்ல. நேர்மையாகப் புதுப்பித்தவரிடம் அளவுகள் இருக்கும். சிலிண்டர் எந்த அளவுக்கு ரீபோர் (தேய்ந்ததைக் கடைந்து அகலமாக்குதல்) செய்யப்பட்டிருக்கிறது, கிராங்க் எத்தனை முறை அரைக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பேரிங் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். இதில் ரீபோர் அளவு முக்கியமானது. ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர் படிகளாக 1.00 மில்லிமீட்டர் வரை ஓவர்சைஸ் (அளவில் பெரிய) பிஸ்டன்கள் வந்தன. கடைசிப் படியில் இருக்கும் சிலிண்டருக்கு அடுத்த முறை புதிய லைனர் போட வேண்டியிருக்கும், அது பெருஞ்செலவு. வேலை நடந்தபோது எடுத்த படங்களும் ரசீதுகளும் இருந்தால் பளபளப்புக்கும் விலை கொடுக்கலாம்.

வாரந்தோறும் ஓடும் வண்டியின் சிறப்பு வேறு. ஆயில் சீல்கள் காய்ந்து வெடிப்பதில்லை, சிலிண்டர் சுவரில் ஈரம் தங்குவதில்லை, கார்புரேட்டரின் சிறு துளைகளில் பெட்ரோல் பிசினாக உறைவதில்லை. அதன் கோளாறுகள் எல்லாம் வெளியே தெரிந்துவிட்டவை. உரிமையாளரே வரிசையாகச் சொல்லுவார். தவிர, தொழிற்சாலை அடித்த பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான். பிற்பாடு நீங்கள் விரும்பினால் மங்கிய வண்டியைப் பளபளப்பாக்கலாம், பளபளப்பானதை அசலாக்க வழியே கிடையாது.

கேள்வி: ஆயில் ஒழுகும் பிரிட்டிஷ் வண்டிகளைவிட 1970களின் ஜப்பானிய வண்டிகளே மேல் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: ஓட்டுவதற்கு உண்மை, பராமரிப்பதற்குப் பாதி உண்மை. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750, நான்கு சிலிண்டர், பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகும் வசதி, முன்சக்கர டிஸ்க் பிரேக் எல்லாவற்றையும் ஒரே வண்டியில், அதுவும் பெரும் எண்ணிக்கையில், கொண்டுவந்து மற்றவர்களைத் திகைக்க வைத்தது. அடிப்பெட்டி கிடைமட்டமாகப் பிளக்கும் அமைப்பு என்பதால் இணைப்பு ஆயிலுக்கு மேலே இருந்தது, கசிவு குறைந்தது. அடுத்து வந்த யமஹா எக்ஸ்எஸ்650 பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டரின் ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு, இந்தக் கிடைமட்ட அடிப்பெட்டியையும் மேல்நிலைக் கேம் ஷாஃப்டையும் சேர்த்துக்கொண்டது. பழைய வண்டி உலகுக்குள் முதன்முறையாக நுழைகிறவருக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பது வழக்கம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஜப்பானிய வண்டிகளின் எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும், சுற்றியிருக்கும் பாகங்கள் உழைப்பதில்லை. சிபி750-க்கு நான்கு கார்புரேட்டர்கள், நான்கு சைலன்சர்கள்; சைலன்சர் உள்ளிருந்து அரித்துப்போனால் அசல் ஜோடியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். பக்கவாட்டு மூடி, சுவிட்சுப் பெட்டி, இருக்கையின் அடித்தகடு போன்ற அற்பப் பொருட்களே கடைசியில் வண்டியை நிறுத்திவைக்கும். ஆகவே ஜப்பானிய வண்டியை வாங்கும்போது எஞ்சினைவிடப் பாகங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். பிரிட்டிஷ் வண்டியில் இதற்கு நேர்மாறு.

டூ-ஸ்ட்ரோக் வண்டிகள், அதாவது 1969-இன் கவாசாகி எச்1, 1973-இன் யமஹா ஆர்டி350 போன்றவை, தனி இனம். அவற்றில் கிராங்கின் இருமுனைகளிலும் உள்ள சீல்கள் கெட்டியாகிவிட்டால், ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் கியர் ஆயிலும் உள்ளே இழுபடும். காற்று நுழைந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும்வரை போகலாம். நின்றிருந்த டூ-ஸ்ட்ரோக்கை வாங்கினால் கிராங்க் சீல் மாற்றும் செலவைப் பேரம் பேசும்போதே கழித்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் விட்டுவிட்ட ஜெர்மானிய வண்டியையும் சொல்லிவிடுகிறேன். 1969-இல் தொடங்கிய பிஎம்டபிள்யூ '/5' வரிசையும் அதன் வாரிசுகளும், அந்நிறுவனத்தின் முதல் வண்டியான 1923-இன் ஆர்32 போலவே, இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்களோடும் செயினுக்குப் பதிலாக ஷாஃப்டோடும் வந்தவை. வால்வு இடைவெளியை நின்ற நிலையிலேயே சரிசெய்யலாம், பாகங்கள் நன்றாகக் கிடைக்கின்றன, நெடுந்தூரம் சளைக்காமல் போகும். பார்த்ததும் மனதைக் கவரும் அழகு இல்லை என்பார்கள். என் கண்ணுக்கு இருக்கிறது.

கேள்வி: ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட எஞ்சினில் இன்றைய பெட்ரோலை ஊற்றலாமா?

பதில்: ஈயத்தைப் பற்றிய அச்சம் பெரிதுபடுத்தப்பட்டது. ஈயம் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தைபோல் இருந்து தேய்மானத்தைத் தடுத்தது உண்மை. அது போனபின், வார்ப்பிரும்புத் தலையிலேயே வால்வு இருக்கை கடையப்பட்ட எஞ்சின்களில், நெடுநேரம் அதிவேகத்தில் ஓடினால் தேய்மானம் தெரியும். அலுமினியத் தலைகளில் தனி இருக்கை பதிக்கப்பட்டிருப்பதால் பாதிப்பு மிகக் குறைவு. நிதானமாக ஓட்டிக்கொண்டு, வால்வு இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்று மட்டும் பார்த்து வாருங்கள். குறைந்தால் எஞ்சினை அடுத்த முறை பிரிக்கும்போது கடின இருக்கைகளைப் பதித்துக்கொள்ளலாம். எப்படியும் வேறு வழியில்லை. கடைசியாக எஞ்சியிருந்த அல்ஜீரியாவும் 2021-இல் ஈயப் பெட்ரோலை நிறுத்திவிட்டது.

உண்மையான எதிரி, இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் அந்த நீர் டேங்கின் அடியிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் தங்கி அரிக்கும். பழைய ரப்பர் குழாய்கள் ஊதி மிருதுவாகும், கார்க் வாஷர்கள் கெடும், ஃபைபர் கிளாஸ் டேங்கின் பிசின் இளகிப் பிசுபிசுக்கும். ஃபைபர் டேங்க் உள்ள வண்டி என்றால் உலோக டேங்க் ஒன்றைத் தேடிவைப்பதுதான் நல்லது. எரியும்போது கலவை சற்று மெலிவதால் காற்றில் குளிரும் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும்; பிளக்கின் முனை வெளுத்துத் தெரிந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். பெட்ரோல் குழாய்களையும் ஃப்ளோட் ஊசியையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிட்டு, பதினைந்து நாட்களுக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலிசெய்துவிடுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் இடத்தில் இருப்பவர் கொடுத்துவைத்தவர்.

கேள்வி: முதலீடாக வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விலை ஏறிய மாடல்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஏறாதவற்றின் உரிமையாளர்கள் வாய் திறப்பதில்லை. காப்பீடு, இடம், பேட்டரி, டயர், ஓட்டாமலே மாற்ற வேண்டிய சீல்கள் எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவது சொற்பம். தவிர, லாபத்துக்காக வாங்கிய வண்டியை ஓட்டவும் மனம் வராது.

கேள்வி: கல்லூரியில் சேரும் என் மகள் தன் முதல் வண்டியாகத் தாத்தாவின் பழைய மோட்டார் சைக்கிளைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?

பதில்: வண்டியைக் கொடுங்கள், ஆனால் முதல் வண்டியாக அல்ல. ஓட்டக் கற்றுக்கொள்ளும் முதல் ஆண்டில் கண்ணும் கவனமும் சாலையில் இருக்க வேண்டும். ஐட்லிங் நிற்குமா, கிளட்ச் பிடிக்குமா என்பதில் இருக்கக் கூடாது. சின்ன டிரம் பிரேக் ஓரிரு முறை அழுத்திப் பிடித்தாலே சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பதற்றத்தில் பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. அந்தக் காரணத்துக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2016-இலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. முகப்பு விளக்கையும் மறக்க வேண்டாம்: அக்காலத்துப் பல பிரிட்டிஷ் வண்டிகளின் டைனமோ 60 வாட்தான், 6 வோல்ட் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் பள்ளம் தெரிவதற்குள் சக்கரம் அதில் இறங்கியிருக்கும். தாத்தாவின் வண்டியை ஓய்வு நாட்களில் அவளோடு சேர்ந்து பிரித்து மாட்டுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவள் அதை உங்களைவிட நன்றாகவே ஓட்டுவாள்.

கேள்வி: 12 ஆண்டுகளாக ஒரு கொட்டகையில் நின்றிருந்த 500 சிசி வண்டியை வாங்கிவிட்டேன். எஞ்சின் சுற்றுகிறதா என்று தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வாங்கிவிட்டீர்கள் என்பதால் வாழ்த்துகிறேன், வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் இந்த வாழ்த்து கிடைத்திருக்காது.

முதலில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் நாலைந்து தேக்கரண்டி மெல்லிய ஆயிலை ஊற்றி இரண்டு நாள் அப்படியே விடுங்கள். மூன்றாம் நாள் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். அசையவில்லை என்றால் மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. பலத்தைக் காட்டினால் ரிங் உடையும். அசைந்தால், ராக்கர் மூடியைத் திறந்து வால்வுகள் இரண்டும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். திறந்த நிலையில் ஒட்டிக்கொண்ட வால்வில் பிஸ்டன் மோதினால் வேலை பலமடங்காகிவிடும். ஏர் ஃபில்டரையும் சைலன்சரின் வாயையும் பார்த்துவிடுங்கள், எலி குடித்தனம் நடத்தியிருக்கலாம். என் கண்ணெதிரே ஒரு சைலன்சரிலிருந்து அரைக்கிலோ நெல் உமி கொட்டியிருக்கிறது.

அடுத்தது ஆயில். தனி ஆயில் டேங்க் உள்ள எஞ்சின்களில், நீண்ட நாள் நின்றால் டேங்கிலிருக்கும் ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து முழுவதும் அடிப்பெட்டிக்கு இறங்கிவிடும். டேங்க் காலி என்று நினைத்து மேலும் ஊற்றி ஸ்டார்ட் செய்தவர்கள் சீல்கள் பிதுங்கி ஆயில் பீய்ச்சியடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அடிப்பெட்டியின் வடிகால் போல்ட்டைத் திறந்து பழையதை முழுவதும் வடித்துவிட்டு, ஃபில்டர் வலையைக் கழுவிப் புதிய ஆயிலை ஊற்றுங்கள். பிளக் இல்லாமலே பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள், ஆயில் டேங்குக்குத் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும்வரை.

பழைய பெட்ரோலை எஞ்சினுக்குப் பயன்படுத்தாதீர்கள். டேங்கை வடித்து உட்புறத் துருவைப் பாருங்கள். கார்புரேட்டரைப் பிரித்து ஐட்லிங் ஜெட்டின் துளை வெளிச்சத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். கம்பியால் குத்தாமல் காற்றை ஊதித் துப்புரவு செய்யுங்கள். பாயிண்டின் முகம் மங்கி இருக்கும், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு வையுங்கள். பல வண்டிகளில் அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கிளட்ச் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். லீவரைப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கியரில் தள்ளி விடுவியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் 12 ஆண்டு நின்ற டயரில் சாலைக்குப் போகாதீர்கள்.

இவை எல்லாம் முடிந்து, புதிய பெட்ரோல் கார்புரேட்டர் கிண்ணத்தில் இறங்கி, பிளக்கில் நீலப் பொறி பாய்வதைக் கண்ணால் பார்த்த பிறகு கிக்கரில் காலை வையுங்கள்.